முனியாண்டி வளைவில் அடிக்காத ஹாரன்

இதைப் பேச்சாகச் சொல்லாதீர்கள், எழுதிக் கொண்டுபோய் வாசியுங்கள் என்று சொன்னது என் மனைவி பாக்கியம். பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் யாரையாவது பெயர் சொல்லித் திட்டிவிடுவேன். திட்டு வாங்கியவன் மறுநாள் வேலைக்கு வரமாட்டான், தோட்டத்து மேனேஜர் துரை என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். அதனால் எழுதி வந்திருக்கிறேன். ஜீப் ஓட்டச் சேர்ந்திருக்கும் தம்பிகளும், உங்களோடு சேர்ந்திருக்கும் அந்த ஒரே தங்கச்சியும் குடித்துக்கொண்டே கேட்கலாம். தே தாரிக் தேத்தண்ணி ஆறினால் நான் பொறுப்பில்லை.

நான் மணியம். இந்தத் தோட்டத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் இப்போது சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கும் அந்தப் பச்சை ஜீப்பை உங்களுக்கு முன்னால் ஓட்டியவன். அது கொழுந்து மூட்டை, உர மூட்டை, பிள்ளை வலி எடுத்த பெண்கள், சுரம் வந்த ஆபீஸ் கிராணி என்று எல்லாரையும் எல்லாவற்றையும் ஏற்றிய வண்டி. லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் சேறு புகுந்த வருஷம் அங்கேயும் இறங்கி ஏறியது. என்னைவிட அதற்கு வயது அதிகம், மரியாதை கொடுத்து ஓட்டுங்கள்.

நான் எப்போது கராஜ் பக்கம் வந்தாலும் உங்களில் ஒருவன் கேட்கிறான். "அண்ணே, அன்னிக்கி டாக்டரோட பழைய ஸ்போர்ட்ஸ் காடிய ஓட்டுனீங்களாமே? அதுவா நம்ம ஜீப்பா, எது ஒஸ்தி லா?" கேட்டுவிட்டு மற்றவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். நான் எதையாவது சொல்லி மழுப்பிவிட்டுப் போய்விடுவேன். இன்றைக்குப் பதில் சொல்கிறேன். நேற்று நடந்த ஒரு காரியத்துக்காகவும்தான் வந்திருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்வேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. மழை பெய்தால் பயம், பனி இறங்கினால் பயம், பாரம் ஏற்றினால் பயம், ஏற்றாவிட்டாலும் பயம். என் கூட்டாளிகள் எத்தனையோ கேலி செய்திருக்கிறார்கள். ஓய்வு பெறும்வரை கை கால் முழுசாக இருந்ததற்கு அந்தப் பயம்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அன்றைக்குப் பட்ட பயம் வேறு வகை, அது எந்த எதிரிக்கும் வரக் கூடாது.

உங்களுக்குத் தெரிந்த வழிதான், ஆனாலும் ஃபேக்டரி ஆட்களும் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன். மேட்டுக் கொட்டகையிலிருந்து கீழே இறங்க இரண்டு வழி. தார் ரோடு மலையைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும். ஜீப் பாதை தேயிலைக்கு நடுவே நேராக விழும். அதில் முதலில் ஒரு செங்குத்து, அடியில் ஓர் ஓடை, ஓடையைத் தாண்டினால் கொஞ்ச தூரம் சாய்வு குறையும், பிறகு கடைசி இறக்கம் கிணற்றுக்குள் இறங்குவது போல இருக்கும். இரண்டு வழியும் சேரும் இடம் முனியாண்டி வளைவு. அங்கே ரோட்டோரம் முனியாண்டி கோயில், அதை ஒட்டிக் கொழுந்து நிறுக்கும் களம். களத்துக்கு ஒரு பக்கம் ஆற்றுப் பள்ளம், இன்னொரு பக்கம் பழைய தேயிலை மேடு, ரோட்டுப் பக்கம் ஒரு மண்மேடு.

அந்த வளைவில் ஹாரன் அடிக்காமல் எந்த வண்டியும் தாண்டியதில்லை. நீளமாக ஒரு ஹாரன், அதுதான் முனியாண்டிக்குக் கும்பிடு. கொழுந்து லோரி அடிக்கும், துரை காடி அடிக்கும், கோலா தெர்லாவிலிருந்து உரம் ஏற்றி வரும் சீனருடைய லோரியும் அடிக்கும். களத்தில் நிற்பவர்கள் ஹாரன் சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். வங்காளதேசத்துப் பையன்கள்கூட மரியாதைக்குக் கொஞ்சம் பேச்சை நிறுத்துவார்கள். அங்கே அடிக்கிற ஹாரன் சாமிக்கு, மனுஷனுக்கு இல்லை என்பது எல்லாருக்கும் பழகிப்போனது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கூட்டமாகப் பிரிஞ்சாங்கில் வந்து தங்கியிருந்தார்கள். அதில் ஒருவர் ஈப்போவிலிருந்து வந்த டாக்டர். நம்ம தமிழர்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடையது இரண்டே பேர் உட்காரும், கூரை இல்லாத நீலக் காடி. இங்கிலீஷ்காரன் காலத்தில் செய்த கார். அதன் மூக்கு அவ்வளவு நீளம், அதன் பின்னால் டாக்டர் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். நம் துரைக்கு அதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்துவிட்டது.

"மணியம், நம்ம ஜீப்பும் பழசு, அந்தக் காடியும் பழசு. ரெண்டையும் மேட்டுலேருந்து எறக்கி வீடியோ எடுப்போம். ஜீப்பு அதோட பாதையில வரட்டும், காடி தார் ரோட்டுல வரட்டும். எது முனியாண்டிக்கு மொதல்ல வருதுன்னு பாப்போம். பொறவு ஆள மாத்தி ஓட்டுங்க. டூரிஸ்டுக்கு ரொம்பப் புடிக்கும் லா."

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் துரை சொன்னால் சொன்னதுதான்.

காலையில் அவரவர் வண்டியை அவரவர் ஓட்டினோம். நான் என் வழக்கப்படி உருட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது டாக்டர் ஏற்கனவே முனியாண்டி வளைவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, பாக்கியம் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். பாக்கியம் இன்றும் கொழுந்து பறிக்கும் ஆட்களுக்குக் கங்காணி, அது உங்களுக்குத் தெரியும். அவளுடைய தொண்டைக்கு ஃபேக்டரி சங்கே அடங்கும். அவள் டாக்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"ஹாரன் அடிக்காம சாமியத் தாண்டி வந்துட்டீங்களே டாக்டர்! நல்லா நீளமா அடிச்சுக் கும்புட்டுட்டுத்தான் வரணும். இல்லாட்டி முனியாண்டி கோவிச்சுக்கும்."

"தெரியாம போச்சும்மா. அடுத்த தடவ வர்றப்ப உங்க சாமியே போதும்னு சொல்ற வரைக்கும் அடிக்கிறேன்," என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்தோம்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை விடக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் டாக்டர் தன் காடியை எனக்குச் சொல்லிக் கொடுத்தார், நான் என் ஜீப்பை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மனிதர் நல்லவர், அலட்டல் கிடையாது. கேட்ட கேள்வியெல்லாம் சரியான கேள்வி.

உங்களுக்கு வேண்டிய ஒப்பீடு இங்கேதான் வருகிறது, கேட்டுக்கொள்ளுங்கள். ஜீப்பில் நாம் கூரை மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்போம், தேயிலைக்கு மேலே ஆறு வரைக்கும் தெரியும். அந்தக் காடியில் நம் பின்பக்கம் ரோட்டில் உரசுகிறதோ என்று சந்தேகம் வரும், தேயிலைச் செடி சுவர் மாதிரி நிற்கும். ஜீப்பின் ஸ்டேரிங்கைத் திருப்பிவிட்டு அது யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். காடி நாம் திருப்புவதற்கு முன்னாலேயே திரும்பிவிடுமோ என்று இருக்கும். ஜீப்பின் பிரேக்கை நம்பி இறங்குகிறவன் முட்டாள். காடியின் பிரேக் நாய் கவ்வுவது போலக் கவ்வும்.

டாக்டர் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம். "மணியம், வளைவுக்குள்ள போய் பிரேக் அடிக்காதீங்க. முன்னாடியே அடிச்சு முடிச்சிடுங்க. அப்புறம், பயமா இருக்குற எடத்தப் பாக்காதீங்க. போக வேண்டிய எடத்தப் பாருங்க. இந்தக் காடி நம்ம கண்ணு போற எடத்துக்குத்தான் போவும்."

நான் அவருக்குச் சொன்னது ஒன்றுதான். "டாக்டர், மேல சின்ன கியர்ல போட்டு எறக்குங்க. எந்த கியர்ல எறக்குனீங்களோ அதே கியர்ல கீழ வந்து சேரணும். நடுவுல கிளச்சத் தொடவே கூடாது. இன்ஜின்தான் வண்டியப் புடிச்சிருக்கும். மொனகும், கத்தும், காது கிழியும். கத்தட்டும்."

"கத்தட்டும்," என்று அவரும் சொன்னார்.

மழை விட்டு, வண்டிகளை மறுபடி மேட்டுக்கு ஏற்றி ஆள் மாறியபோது மத்தியானம் கடந்துவிட்டது. "துரை, நிறுவை நேரம். களத்துல ஆள் நிக்கும்," என்றேன். "மெதுவாத்தான வரப்போறோம் மணியம். ஆளு இருந்தா வீடியோவுக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவரே கைபேசியோடு ஜீப்பில் டாக்டர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஜீப் பாதையில் இறங்கியது. நான் நீலக் காடியில் தார் ரோட்டில் இறங்கினேன்.

கூரையில்லாத வண்டி என்பதால் எல்லாச் சத்தமும் காதில் விழுந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஜீப் முனகிக்கொண்டு இறங்குவது நன்றாகக் கேட்டது. அந்த முனகல் எனக்குத் தாலாட்டு மாதிரி. அது கேட்கும்வரை வண்டி கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். நான் காடியைப் பூப்போல உருட்டிக்கொண்டு, யாருடைய பொருளோ, கீறல் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலையில் போய்க்கொண்டிருந்தேன்.

முனகல் நின்றது.

உங்களுக்கு அது புரியுமா என்று தெரியவில்லை. ஜீப் ஓடையை நெருங்கியிருந்தது. முனகல் ஏறி ஏறிக் கத்தலாகி, பட்டென்று ஒன்றுமில்லாமல் போனது. பிறகு கியர் பல் உரசுகிற சத்தம் ஒருமுறை, இன்னொருமுறை, அதற்கப்புறம் எதுவும் இல்லை. டாக்டர் கிளச்சை மிதித்துவிட்டார். கியர் வெளியே வந்துவிட்டது. அந்த இறக்கத்தில் வெளியே வந்த கியர் மறுபடி உள்ளே போகாது. இனி அந்த ஜீப்பைப் பிடித்து நிறுத்த பிரேக் மட்டும்தான். அதுவும் ஓடைத் தண்ணீரில் நனையப் போகிற பிரேக்.

பார்த்தேன். தேயிலைக்கு மேலே பச்சைக் கூரை ஓடையில் குதித்து ஏறியது. பிரேக் கொஞ்சம் பிடித்தது, விட்டது, பிடித்தது, விட்டது. டாக்டர் ஒரு பக்கத்து மண் சுவரில் வண்டியை உரசி உரசிக் கொண்டுவந்தார். சாய்வு குறைந்த அந்தத் துண்டுப் பாதையில் அவரால் அப்படிச் சமாளிக்க முடியும். அது முடிந்ததும் கடைசி இறக்கம். அதன் அடியில் களம். களத்தில் வரிசையாக ஆள். வரிசைக்கு முன்னால் தராசோடு என் பாக்கியம்.

அப்போது ஜீப்பிலிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, விடாமல்.

ஐயோ என்று வாய்விட்டே கத்தினேன். டாக்டர் எச்சரிக்கிறார், பாவம், கையை எடுக்காமல் அழுத்துகிறார். ஆனால் கீழே அதை எப்படிக் கேட்பார்கள்? யாரோ முனியாண்டியைக் கும்பிடுகிறார்கள் என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு நீளமாக அடிக்கிறாரோ அவ்வளவு நன்றாகக் கும்பிடுகிறார் என்று நினைப்பார்கள். ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். ஜீப் அவர்கள் முதுகில் ஏறும்வரை கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை, ஓட்டினேன். ஜீப் பாதை குறுக்கு வழி, என் ரோடு சுற்று வழி. அது முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் எனக்கு அப்புறம் வீடு என்று ஒன்று கிடையாது. என் வாழ்க்கையில் அப்படி நான் ஓட்டியதில்லை, இனி ஓட்டவும் மாட்டேன். வளைவுக்கு முன் பிரேக்கை முடித்தேன், காலை எடுத்தேன், போக வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அந்தக் காடி போனது. ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்கியபோது அதை முதுகுத்தண்டில் உணர்ந்தேன், கை தானாகச் சரி செய்தது. வாயில் மட்டும் முனியாண்டி, முனியாண்டி என்று வந்துகொண்டிருந்தது.

ஒரு வளைவில் சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று பாதி ரோட்டில் காடியை நிறுத்திவிட்டுத் தேயிலையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஜீப்பாக இருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும், அந்தச் சந்தில் ஜீப் நுழையாது. பயமான இடத்தைப் பார்க்காதே என்று டாக்டர் குரல் காதில் கேட்டது. அவர்கள் காடியைப் பார்க்காமல் அதற்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த தாரைப் பார்த்தேன். நீலக் காடி நுழைந்து வெளியே வந்துவிட்டது. பின்னால் யாரோ திட்டினார்கள், திட்டட்டும்.

கடைசி வளைவு வந்தது. முனியாண்டியின் சிவப்புத் துணி தெரிந்தது. என் கை ஹாரனுக்குப் போனது.

பழக்கம் பொல்லாதது தம்பிகளா. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அந்த இடத்தில் அந்தக் கை அங்கேதான் போகும். கை ஹாரன் மேல் உட்கார்ந்தே விட்டது. அழுத்தினால் நானும் ஒரு கும்பிடு. மேலே ஒரு ஹாரன், ரோட்டில் ஒரு ஹாரன், இன்றைக்கு எல்லாருக்கும் பக்தி முற்றிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். கையை எடுத்தேன். சாமியே மன்னிச்சிடு என்று சொல்லிக்கொண்டு, ஹாரன் அடிக்காமல், கோயிலைத் தாண்டிக் களத்துக்குள் விட்டேன்.

அத்தனை பேரும் தலை நிமிர்ந்தார்கள். மேலே இருந்து ஹாரன் காட்டுக்கத்தலாக வந்துகொண்டிருக்கிறது, அதற்குத் திரும்பாதவர்கள், ஒரு வண்டி சத்தமில்லாமல் முனியாண்டியைத் தாண்டுகிறதே, எவன் அவன் என்று கோபத்தோடு என்னைப் பார்த்தார்கள். பாக்கியம் ஒரு கையில் தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கன்னத்தில் போட்டபடி, அந்தக் கை அப்படியே நிற்க என்னைப் பார்த்தாள்.

"ஜீப்பு! பிரேக் இல்ல! மேல ஏறு!" என்று கத்தினேன்.

பாக்கியம் என்ன, ஏன் என்று கேட்கவில்லை. கொக்கியைக் கீழே போட்டாள். "கொழுந்த விடு! மூட்டைய விடு! ரோட்டு மேட்டுல ஏறு, ஏறு, ஏறு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாஷை தெரியாத பையன்களும் ஓடினார்கள். நிறுக்காத மூட்டையை விட்டுவர ஒரு பெண்ணுக்கு மனசு வரவில்லை, திரும்பி ஓடினாள். பாக்கியம் அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். நான் காடியை விட்டு இறங்கி அவர்களை நோக்கி ஓடினேன்.

ஜீப் வந்தது. நான் அதன் முகத்தைத்தான் பார்த்தேன், எனக்குப் பழகின முகம், அன்றைக்கு எமன் மாதிரி இருந்தது. களத்தைக் குறுக்கே கடந்து, தராசுக் கம்பத்தை முறித்து, மூட்டைகளைச் சிதறடித்து, எதிரே இருந்த பழைய தேயிலை மேட்டில் மோதி ஏறியது. அந்தச் செடிகள் வெள்ளைக்காரன் காலத்தில் நட்டவை, ஒவ்வொன்றின் அடியும் என் தொடை தடிமன் இருக்கும். நாலைந்து வரிசையை மடித்துக்கொண்டு ஏறி, மூச்சு வாங்குவது போல ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஹாரன் மட்டும் நிற்கவில்லை. துரைதான் டாக்டருடைய கையைப் பிடித்து ஹாரனிலிருந்து எடுத்துவிட்டார்.

டாக்டருக்கு நெற்றியில் காயம், துரைக்குத் தோள்பட்டை பிசகியது. களத்தில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நான் தரையில் கொழுந்துக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் வந்து என் முன்னால் நின்றாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"ஹாரன் அடிக்காம வந்தீங்க யா. அப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சு. ஒண்ணு ஒங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சு, இல்லாட்டி நாங்க சாவப் போறோம்னு."

பிறகு ஜீப் நின்ற மேட்டுப் பக்கம் திரும்பி, "அந்த ஹாரன் சத்தத்தக் கேட்டுட்டு, டாக்டரு சொன்ன மாதிரியே எவ்ளோ நீளமாக் கும்புடுறாருன்னு இவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன் யா," என்றாள். பிறகு குனிந்து, சிதறிய கொழுந்தை அள்ளி மூட்டையில் போட ஆரம்பித்தாள்.

துரை தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "மணியம், ஒனக்கு ஒண்ணு தெரியுமா? ஓடையத் தாண்டுனதும் என்னைக் குதிச்சிடச் சொன்னாரு. பயத்துல எனக்குக் கையி கம்பிய விட்டு வரல லா. அப்ப சொன்னாரு, 'களத்துல ஆள் நின்னா நான் ஆத்துப் பக்கம் திருப்பிடுவேன், மன்னிச்சிடுங்க'ன்னு. கடைசி எறக்கத்துல நான் கண்ண மூடிக்கிட்டேன்."

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் தன் காடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சிதறிக் கிடந்த கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ இருந்தவங்க நெறய பேரு. நாங்க ரெண்டு பேருதான," என்றார். பிறகு, "இன்ஜின் கத்துச்சு மணியம். பாவமா இருந்துச்சு. கை தானா போயிடுச்சு," என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலமெல்லாம் அந்த மாதிரி வண்டி ஓட்டியவர், இன்ஜின் கத்தினால் கியரை மாற்றி அதன் கஷ்டத்தைக் குறைப்பதுதான் அவருக்குத் தெரிந்த நல்ல பழக்கம். எனக்கும் அன்று கை தானாகத்தான் ஹாரனுக்குப் போனது. என்னால் எடுக்க முடிந்தது என்றால் எதிரே என் பெண்டாட்டி நின்றாள், அதனால்தான். நான் கெட்டிக்காரன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எது ஒஸ்தி என்று கேட்டீர்களே. ஜீப்பாக இருந்ததால் மண் சுவரில் உரசித் தாங்கியது, தேயிலை மேட்டில் ஏறியும் கவிழாமல் நின்றது, உள்ளே இருந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்த இடத்தில் காடி நசுங்கியிருக்கும். காடியாக இருந்ததால் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தத் தார் ரோட்டில் நான் ஜீப்பில் வந்திருந்தால் இன்றைக்கு இங்கே நின்று வாசிக்க மாட்டேன், பாக்கியம் இல்லாமல் லயத்து வீட்டில் எங்காவது மூலையில் உட்கார்ந்திருப்பேன். இதுதான் என் பதில். இதற்கு மேல் கேட்டுச் சிரிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு அந்த வளைவில் ஹாரன் கும்பிடை நிறுத்தினோம். சுலபமாக நடக்கவில்லை. கோயில் பூசாரி சண்டைக்கு வந்தார், வழிவழியாக வந்த மரியாதையை நிறுத்துவதா என்று. பாக்கியம்தான் அவரைக் களத்துக்கு இழுத்துப் போய் முறிந்த கம்பத்தைக் காட்டினாள். "சாமி எங்களக் காப்பாத்துச்சு, அதுக்காக ஹாரன் அடிச்சு அது காத நாங்க அடைக்கணுமா?" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். இப்போது அங்கே எல்லாரும் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வளைவில் ஹாரன் கேட்டால் இனி ஒரே அர்த்தம்தான். ஓடு என்று அர்த்தம்.

இப்போது நேற்றைய விஷயம்.

நேற்று நிறுவை நேரத்தில் உங்களில் ஒருவர் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் பாதையில் இறங்கி, முனியாண்டி வளைவில் நீளமாக ஹாரன் அடித்தீர்கள். பக்தியோடுதான் அடித்தீர்கள், தெரியும். யாரோ பழைய ஆள் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிய வழக்கத்தை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ஹாரன் கேட்டதும் பாக்கியம் கொக்கியைப் போட்டுவிட்டு அத்தனை பேரையும் விரட்டி ரோட்டு மேட்டில் ஏற்றிவிட்டாள். ஜீப் நல்ல பிள்ளையாக, முதல் கியரில் முனகிக்கொண்டே வந்து நின்றது. சுற்றுலாக்காரர்கள் மேட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, ஏதோ தங்களை வரவேற்க நிற்கிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தார்களாம். மற்றவர்கள் இறங்கி வந்து வேலையைத் தொடர்ந்தார்கள். பாக்கியம் இறங்கவில்லை. ஒன்றுமில்லை, வாங்கக்கா என்று எத்தனை பேர் கூப்பிட்டும் அவளால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போய் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு அடியாக இறக்கிக் கூட்டி வந்தேன்.

இதை அவளிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இங்கே வந்தேன். கேட்டுவிட்டு, "திட்டாம எழுதி இருக்கீங்க, நல்லது," என்றாள். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், பாதி தட்டில் சிந்தியது.